திண்ணையும் இசுத்தூப்பும்

(சொல்லாய்வு அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

பெரும்பொருள்களைப் பற்றிப் பேசுதற்கு இவ்வரங்கில் அறிஞர் பலர் உளர். நான் இன்று மிகச் சிறிய ஓர் இடத்தைப் பற்றியே பேச வந்துள்ளேன். வீட்டு வாயிலுக்கும் தெருவுக்கும் இடையே கிடக்கின்ற நான்கைந்து அடி இடம். அவ்வளவே. வீட்டாருக்கு அது வெளி. தெருவாருக்கு அது உள். இரண்டுக்கும் பொதுவாய் அமைந்த அவ்விடத்துக்குத் தமிழர் இட்ட பெயர் திண்ணை. ஒல்லாந்தர் இட்ட பெயர் ஒன்றும் உண்டு. அது கடல் கடந்து மூன்று கண்டங்களில் இன்றும் வழங்குகின்றது. அவ்வொல்லாந்தச் சொல்லின் வரலாற்றை முதலிற் சொல்லி, அதன்பின் நம் திண்ணைக்கு வருவேன். அயலான் வீட்டு முகப்பை ஏன் ஆராய வேண்டும் என்று எவரும் கருத வேண்டா. ஒரு சொல் எவ்வாறு வாழ்கின்றது, எவ்வாறு சாகின்றது என்பதை அயல்மொழிச் சொல்லொன்றில் வைத்துப் பார்க்கும்போது, நம் கண்ணை மறைக்கும் பற்று அங்கே குறுக்கிடாது. உண்மை தெளிவாகப் புலப்படும்.

தாழ்நிலத்தின் மேட்டுப்படி

நெதர்லாந்து என்னும் பெயருக்கே தாழ்நிலம் என்பதுதான் பொருள். கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தைக் கரைகட்டிக் காத்து வாழும் மக்கள் அவர்கள். அந்நாட்டு நகரங்களில் வாய்க்கால் ஓரங்களில் நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளின் தலைவாயில் தெருமட்டத்தினும் உயர்ந்திருக்கும். அவ்வாயிலை அடையக் கற்படிகளும், படியின் தலையில் ஒரு மேடையும் அமைத்தனர். அம்மேடைக்கும் படிக்கும் சேர்த்து வழங்கிய பெயரே 'சுத்தூப்பு' என்பது. மெய் தனித்து மொழிக்கு முதலாதல் தமிழுக்கு மரபன்று. ஆதலின் இகரம் முன்னிட்டு இசுத்தூப்பு என்றே இனிக் குறிப்பேன்.

காலடி எடுத்துவைத்தல், படி என்னும் பொருள்களையுடைய ஆங்கிலச் சொல்லான 'சுடெப்பு' என்பதும், இவ்விசுத்தூப்பும் ஒருவேரிற் கிளைத்தவை. இரண்டும் செருமானியக் குடும்பத்துச் சொற்கள். காலடி வைக்கும் இடம் என்பதே அடிப்படைப் பொருள். இன்று நெதர்லாந்திலேயே அச்சொல்லுக்குப் பெரும்பாலும் தெருவோர நடைபாதை என்று பொருள். தாயகத்திற் பொருள் திரிந்துவிட்டது. பெயர்ந்து சென்ற நாடுகளில் பழம்பொருள் தங்கிவிட்டது. கிளைமொழிகளில் மூலமொழியின் பழைய நிலை காணப்படுதல் மொழிநூலார் நன்கறிந்த செய்தியே.

அட்சன் ஆற்றங்கரையில்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் வட அமெரிக்காவின் கீழைக் கரையில் இறங்கினர். 1624ஆம் ஆண்டு முதல் அங்குக் குடியேறினர். மன்காட்டன் தீவின் தென்முனையில் அவர்கள் அமைத்த ஊருக்குத் தம் நாட்டு ஆம்சுடர்டாம் நகரை நினைந்து புதிய ஆம்சுடர்டாம் என்று பெயரிட்டனர். 1664ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் வந்து நின்றபோது, ஆளுநர் பீட்டர் இசுடைவசண்டு போரின்றியே ஊரை ஒப்படைத்தார். ஊரின் பெயர் நியூயார்க்கு ஆயிற்று. இடையில் 1673இல் ஓராண்டளவு ஒல்லாந்தர் அதனை மீட்டனர். பிறகு நிலையாக இழந்தனர். ஆக, அவர்தம் ஆட்சி நாற்பது ஆண்டுகளே நின்றது.

ஆனால், அவர்கள் விட்டுச்சென்ற இசுத்தூப்பு என்னும் சொல்லோ, ஆட்சி போய் முந்நூற்றறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் நியூயார்க்கு மக்களின் நாவில் நிற்கின்றது. அந்நகரத்தின் புரூக்கிளின் பகுதியும் ஆர்லம் பகுதியும் ஒல்லாந்த ஊர்களின் பெயரைத் தாங்கியவையே. அங்கே இன்றும் வீட்டின் முன்படிக்கட்டை இசுத்தூப்பு என்றே சொல்வர்.

அமெரிக்கா முழுவதும் இச்சொல் வழங்குகின்றதா என்றால், இல்லை. அங்கேதான் வட்டார வழக்கின் அழகு விளங்குகின்றது. பெரும்பான்மை இடங்களில் வீட்டு முகப்பைப் 'போர்ச்சு' என்பர். அது வாயில்மாடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் குடியேறிய உலூசியானாவில் அதனைக் 'காலரி' என்பர். தெற்கே சார்லசுட்டன் நகரில் 'பியாசா' என்பர். இத்தாலிய மொழியில் ஊர்ப்பொதுவெளியைக் குறித்த சொல் அங்கே வீட்டு நெடுமுகப்பைக் குறிக்கலாயிற்று. நியூயார்க்கிலும் அதனை அடுத்த வடபகுதிகளிலும் இசுத்தூப்பு. எவர் எங்கே முதலிற் குடியேறினர் என்பதை வீட்டுமுகப்பின் பெயரே காட்டிக்கொடுக்கின்றது. ஆன்சு குராத்து என்னும் மொழியறிஞர் 1949இல் வெளியிட்ட கீழை அமெரிக்கச் சொன்னிலவியல் நூலில், ஒல்லாந்தர் குடியிருந்த அட்சன் ஆற்றுப் பகுதியிலிருந்து பரவிய சொற்களை நிலப்படத்திலேயே குறித்துக் காட்டினார். அவற்றுள் இசுத்தூப்பும் ஒன்று.

இங்கே நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஒல்லாந்தர் அவ்வூரில் தம் ஆட்சிப் பதவிகளுக்கும் முறைமன்றத்துக்கும் தம்மொழிப் பெயர்களையே வழங்கினர். அவையெல்லாம் ஆட்சியோடு மறைந்தன. நின்றவை எவை? வேலைத்தலைவனைக் குறிக்கும் 'பாசு' நின்றது. சிறு இனிப்பப்பத்தைக் குறிக்கும் 'குக்கி' நின்றது. வாயிற்படியைக் குறிக்கும் இசுத்தூப்பு நின்றது. அரசன் ஓலையில் எழுதிய சொல் அழிந்தது. அடுக்களையிலும் வாயிற்படியிலும் புழங்கிய சொல் பிழைத்தது. மொழி வாழ்வது அரண்மனையில் அன்று, வீட்டிலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இசுத்தூப்பு என்னும் சொல் பிழைத்ததற்கு இன்னொரு கரணியமும் உண்டு. சொல் குறித்த பொருளும் பிழைத்தது. 1811இல் மன்காட்டன் தீவுக்குத் தெருக்களைக் கட்டங்கட்டமாக வகுத்தபோது, வீடுகளின் பின்புறத்தே சந்துகளை விடவில்லை. ஆகவே எல்லாப் போக்குவரத்தும் முன்வாயில் வழியாகவே நடக்க வேண்டியதாயிற்று. வீட்டார் உயர்ந்த படியேறி மேல்வாயிலிற் புகுவர். வேலையாட்களும் சரக்கும் படியின் கீழுள்ள தாழ்வாயில் வழியே புகுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்பழுப்புக் கல்முகப்போடு வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளுக்கெல்லாம் இவ்வுயர்படி வேண்டியிருந்தது. புதிய தேவை பழைய சொல்லைத் தாங்கிக்கொண்டது. கோடைக்காலத்தில் அறைக்குள் வெப்பந் தாளாது மக்கள் படியில் வந்தமர்ந்தனர். சிறுவர் படியிற் பந்தெறிந்து ஆடினர். அவ்வாட்டத்துக்கும் இசுத்தூப்புப் பந்து என்றே பெயர். 1961இல் சேன் சேக்கப்சு என்னும் அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், தெருவைக் காப்பது காவலர் மட்டுமல்லர், தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களின் கண்களே என்று நிறுவினார். அக்கண்கள் இருக்கும் இடங்களுள் வாயிற்படியும் ஒன்றன்றோ?

நன்னம்பிக்கை முனையில்

இனி ஆப்பிரிக்காவின் தென்முனைக்குச் செல்வோம். 1652ஆம் ஆண்டில் யான் வான் ரீபீக்கு என்பவர் தலைமையில் ஒல்லாந்தக் கீழையிந்திய வணிகக் குழுமத்தார் நன்னம்பிக்கை முனையில் இறங்கினர். கீழை நாடுகளுக்குச் செல்லும் கப்பல்கள் நீரும் காய்கறியும் பெறுதற்கென அமைந்த இடமே பின்னர்க் கேப்டவுன் நகரமாயிற்று. அங்கும் வீட்டின் முன்னே இசுத்தூப்புக் கட்டினர். ஆனால் அங்கே அதன் வடிவம் மாறிற்று. நெதர்லாந்தில் உயரமும் ஒடுக்கமுமாக இருந்தது, வெயில் நிறைந்த அந்நாட்டில் வீட்டின் முகப்பு நெடுக நீண்ட அகன்ற மேடையாயிற்று. அதன் இரு தலையிலும் உட்காருதற்குக் கல்லாலோ செங்கல்லாலோ இருக்கை கட்டினர். சுதை பூசிய அவ்விருக்கைகளின் படத்தைக் காணும் தமிழன் எவனும் அதனைத் திண்ணை என்றே சொல்வான்.

1806 முதல் அந்நாடு ஆங்கிலேயர் வசப்பட்டது. வந்த ஆங்கிலேயர் தம் சொல்லை அங்கே நிலைநாட்டவில்லை, இசுத்தூப்பையே எடுத்துக்கொண்டனர். இன்று தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலும், ஒல்லாந்த மொழியினின்று கிளைத்த ஆப்பிரிக்கான்சு மொழியிலும் அதுவே வீட்டு முகப்பின் பெயர்.

அம்மேடைகளைக் கட்டிய கைகள் எவருடையவை? நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் குடியிருப்பு அடிமைகளின் உழைப்பால் எழுந்தது. கீழையிந்தியத் தீவுகளிலிருந்தும், மடகாசுகரிலிருந்தும், ஆப்பிரிக்கக் கீழைக் கரையிலிருந்தும், இலங்கையிலிருந்தும், வங்கத்திலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும், மலையாளக் கரையிலிருந்தும் விலங்கிட்டுக் கொண்டு செல்லப்பட்டோர் அவர்கள். தஞ்சை நாடு போராலும் பஞ்சத்தாலும் நலிந்த 1659 முதல் 1661 வரையான காலத்தில், எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரை ஒல்லாந்தக் குழுமம் அடிமைகளாக வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பிற்று என வரலாற்றறிஞர் கணித்துள்ளனர். சொல்லின் வரலாற்றைத் தேடிச் சென்றால் சோற்றின் வரலாறும் கண்ணீரின் வரலாறும் எதிர்ப்படுகின்றன. அவற்றை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் ஆராய்தல் அறமாகாது.

அதே கேப்டவுன் நகரில் ஆறாம் வட்டாரம் என்றொரு பகுதி இருந்தது. பல நிறத்தாரும் பல சமயத்தாரும் கலந்து வாழ்ந்த பகுதி. இசுத்தூப்பில் அமர்ந்து தெருவோடு உறவாடிய மக்கள் அவர்கள். 1966இல் நிறவெறி அரசு அதனை வெள்ளையர்க்கே உரிய பகுதியென அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு வாழ்க்கையை அழிக்க விரும்புவோன் முதலில் அது கூடியிருக்கும் இடத்தை அழிக்கின்றான் என்பதை அவ்வட்டாரம் உலகுக்கு உணர்த்திற்று.

ஈழத்திலும் இலங்கையிலும்

மூன்றாவது கரை நமக்கு அண்மையது. ஒல்லாந்தர் 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1795, 1796 ஆண்டுகளில் ஆங்கிலேயரிடம் இழந்தனர். காலிக் கோட்டைக்குள் தெருவை நோக்கித் தூண்வரிசையோடு நிற்கும் வீட்டு முகப்புகளை இன்றும் காணலாம். சிங்கள மொழியில் அம்முகப்புக்கு 'இசுத்தோப்புவ' என்று பெயர். ஒல்லாந்தச் சொல்லின் முன் இகரம் பெய்து, சிங்கள ஈறு சேர்த்து அமைந்த வடிவம் அது.

யாழ்ப்பாணத் தமிழரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு அணுக்கமாக அதே ஆட்சியின்கீழ் இருந்தவர்களே. அவர் வழக்கில் ஒல்லாந்தச் சொற்கள் இல்லாமல் இல்லை. அலுவலகத்தைக் கந்தோர் என்றனர். மேசையின் இழுப்பறையை இலாச்சி என்றனர். ஆவணம் எழுதிச் சான்றளிப்பவரை நொத்தாரிசு என்றனர். கழிப்பிடத்துக்குக் கக்கூசு என்றனர். அச்சொல் தமிழகத்துக்கும் உரியதாயிற்று. சிறு செப்புக்காசைக் குறித்த துட்டும் ஒல்லாந்தர் காசின் பெயரே. ஆனால், வீட்டு முகப்புக்கு இசுத்தூப்பு யாழ்ப்பாணத் தமிழில் வேரூன்றவில்லை. ஏன்?

மேற்சொன்ன சொற்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எழுத்தர் அமர்ந்து பணிசெய்யும் அலுவலகம், இழுப்பறை வைத்த மேசை, ஒல்லாந்தச் சட்டத்து ஆவண அலுவலர், வீட்டோடு சேர்ந்த கழிப்பிடம், அயலார் அச்சிட்ட காசு. இவையெல்லாம் அவர்களோடு வந்த பொருள்கள். பொருளோடு பெயரும் வந்தது. வாயிலின்முன் உயர்ந்த இருக்கையோ அவர்கள் வருமுன்பே தமிழன் வீட்டில் இருந்தது, பெயரும் இருந்தது. இடம் நிரம்பியிருந்தமையால் புதுச்சொல்லுக்கு உட்கார இடமில்லாமற் போயிற்று. இதுவே என் துணிபு. போர்த்துக்கீசிய வழியில் வந்த விறாந்தை யாழ்ப்பாணத்தில் நிலைத்ததே என்று வினவலாம். விறாந்தை என்பது வீட்டின் பக்கம் நெடுக ஓடும் கூரையிட்ட திறந்த நடைக்கூடம். திண்ணை என்பது அமர்தற்குரிய மேடை. விறாந்தை வந்த பின்னும் அங்குத் திண்ணை என்னும் சொல் இறக்கவில்லை.

நம் கரையிலும் ஒல்லாந்தர் இருந்தனர். 1610 முதல் பழவேற்காட்டிலும், 1658 முதல் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டனர். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கட்டிய கோட்டையின் இடிபாடு இன்றும் நிற்கின்றது. 1825இல் இக்கரையை விட்டு முற்றாக நீங்கினர். இரண்டு நூற்றாண்டுகள் இருந்தும், திண்ணையின் பெயரை அவர்களால் அசைக்க முடியவில்லை.

இன்னும் வியப்பான ஒன்று சொல்வேன். ஆங்கிலேயர் நம் திண்ணையைக் கண்டபோது, அதற்கொரு பெயர் தேடிப் போர்த்துக்கீசியச் சொல்லைத் திரித்துப் 'பயல்' என்று தம் ஏடுகளில் எழுதினர். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பயல் பள்ளிகள் என்றே கல்வி அறிக்கைகளிற் குறித்தனர். அவர்கள் அவ்வாறு எழுதிக்கொண்டேயிருந்தனர். நம் மக்கள் திண்ணை என்று சொல்லிக்கொண்டேயிருந்தனர். இன்று அப்'பயல்' பழைய அகரமுதலிகளில் மட்டும் உறங்குகின்றது. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், தேனியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐவகை ஐரோப்பியர் வந்தும், பீரங்கி கொண்டு வென்றும், வாயிலில் இருந்த ஒரு சொல்லை அவர்களால் எழுப்ப முடியவில்லை.

எழுப்பியவர் யார்?

அவர்களால் முடியாததை இன்று நாமே செய்துகொண்டிருக்கின்றோம்! வீடு விற்கும் விளம்பரங்களைப் பாருங்கள். 'சிட்டவுட்டு' என்பர், 'போர்ட்டிகோ' என்பர், 'பால்கனி' என்பர். போர்ட்டிகோவும் பால்கனியும் இத்தாலிய மொழியினின்று ஆங்கிலத்துக்குப் போய் ஆங்கிலத்தினின்று இங்கு வந்தவை. படை எடுத்து வந்தவன் திணித்த சொல்லல்ல அது. பணங்கொடுத்து நாமே வாங்கிக் கதவுக்குமுன் மாட்டிக்கொண்ட சொல்.

ஆயினும் மக்களை மட்டும் கடிந்து பயனில்லை. நோயின் முதலைக் காண வேண்டும். திண்ணை என்னும் சொல் ஏன் தளர்கின்றது? திண்ணை தளர்கின்றது; அதனால் சொல்லும் தளர்கின்றது. மனைநிலத்தின் விலை ஏறியதும் முதலில் வெட்டப்பட்டது திண்ணை. தெருவில் ஆண்டுக்காண்டு தார் மேல் தார் இட்டு உயர்த்தினர். திண்ணை பள்ளத்தில் தாழ்ந்தது. ஊர்தி நிறுத்த இடம் வேண்டும் என்றனர், திண்ணை இடிந்தது. களவச்சம் என்று இரும்புக் கம்பியிட்டு அடைத்தனர். இருந்த திண்ணையும் கூண்டாயிற்று. அதில் அமர்ந்து பேசிய முதியோர் உள்ளே சென்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர். நியூயார்க்கில் இசுத்தூப்பு நின்றதற்குப் பொருள் நின்றமை கரணியம் என்றேன். இங்கே சொல் சாய்வதற்குப் பொருள் சாய்ந்தமையே கரணியம். சொல்லைக் காக்க வேண்டுமாயின் அச்சொல் குறிக்கும் வாழ்க்கையைக் காக்க வேண்டும். அகரமுதலியிற் சேர்த்துவைத்தால் மட்டும் சொல் பிழைக்காது.

திண்ணை ஒன்றோ போயிற்று? ஒரு வீட்டின் முன்பகுதிக்கு மட்டும் தமிழில் எத்தனை சொற்கள்! இல்லின் முன்னிடம் முன்றில். கழக இலக்கியங்களிலேயே வழங்கிய அச்சொல்லில் இல்முன் என்பது முன்பின்னாக மாறி நிற்பதை இலக்கணநூலார் எடுத்துக்காட்டுவர். கூரையின் தாழ்ந்த இறப்பு தாழ்வாரம். தெருவாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய வழி இடைகழி. பேச்சில் தேய்ந்து இரேழி என நின்றது. திருக்கோவலூரில் மழையிரவில் ஆழ்வார் மூவர் நெருங்கி நின்றதாகச் சொல்லப்படும் இடமும் இடைகழிதான். திண்ணையின் முன்னே தாழ்ந்து நீண்ட படிமேடை குறடு. பெரிய திண்ணைக்கு எதிரே ஒடுங்கியிருப்பது ஒட்டுத்திண்ணை. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு என்று பகுத்துப் பெயரிட்டனர். ஒவ்வொன்றும் ஒவ்வோரளவு, ஒவ்வொரு பயன். இத்தனையையும் விழுங்கிவிட்டுச் 'சிட்டவுட்டு' என்ற ஒன்றை வைத்துக்கொள்வது வளமா, வறுமையா?

திண்ணை என்னும் சொல்லின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். திண் என்பது செறிவும் உறுதியும் குறிக்கும் வேர். திண்மை, திண்ணம், திண்ணியர் என வருவன அறிவீர்கள். மண்ணும் கல்லும் செறித்துத் திண்ணெனக் கட்டப்பட்டது திண்ணை. மலையாளத்தில் திண்ண என்றும் தெலுங்கில் தின்னெ என்றும் இனச்சொற்கள் உள. வேரும் கிளையும் வெளிப்படத் தெரியும் சொல் இது.

ஓர் எச்சரிக்கை

இங்கே இளைஞர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இசுத்தூப்பு என்பதில் தூ இருக்கின்றது, திட்டு என்பதில் தி இருக்கின்றது; ஆகவே ஒல்லாந்தச் சொல் தமிழிலிருந்து சென்றது என்று எவரேனும் எழுதினால் கைதட்டாதீர்கள். ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது. அச்சொல் எந்நூற்றாண்டில் எங்கே முதலிற் காணப்படுகின்றது, உடன்பிறந்த மொழிகளில் அதன் இனச்சொற்கள் உளவா, எழுத்துத் திரிபு அம்மொழியின் நெறிப்படி நிகழ்ந்துள்ளதா, அப்பொருள் அம்மக்களிடம் இருந்ததா என்ற நான்கையும் வினவ வேண்டும். இசுத்தூப்பு இந்நான்குக்கும் செருமானியச் சொல்லாகவே விடை தருகின்றது. விறாந்தையை இந்தியச் சொல் என்பாரும் உளர். ஆனால், 1498இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பயணத்தின் குறிப்பிலேயே போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தம் சொல்லாக ஆண்டுள்ளனர். வந்து இறங்கியவன் கையோடு கொண்டுவந்த சொல்லை இங்கே கற்றான் என்பது பொருந்துமா? தமிழுக்கு இல்லாத புகழைச் சேர்ப்பவன் தமிழுக்கு உள்ள புகழையும் ஐயத்துக்கு ஆளாக்குகின்றான். உண்மை நம் பக்கம் நிறையவே இருக்கின்றது. பொய்யைக் கடன் வாங்க வேண்டிய வறுமை நமக்கில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. திண்ணையைப் போற்றும்போது, அத்திண்ணையில் எவர் அமர்ந்தனர், எவர் அமர இயலாமல் தெருவில் நின்றனர் என்பதையும் நினைக்க வேண்டும். வழிப்போக்கனுக்கு விருந்திடமாக இருந்த அதே திண்ணை, உழைத்துச் சோறு விளைத்தவனைச் சாதியின் பெயரால் ஏறாதே என்றது. நன்னம்பிக்கை முனையில் அடிமை கட்டிய இசுத்தூப்பில் அடிமை அமர முடியவில்லை. நம்மூரில் ஒடுக்கப்பட்டவன் மண் குழைத்துக் கட்டிய திண்ணையில் அவன் மகன் அமர முடியவில்லை. ஆகவே நாம் மீட்க வேண்டியது பழைய திண்ணையையன்று. எல்லார்க்கும் பொதுவான புதிய திண்ணையை. சொல் பழையதாக இருக்கட்டும். அமரும் உரிமை புதியதாக இருக்கட்டும். தமிழ் என்னும் பெயரால் ஒன்றுபடுவோர் ஒரே திண்ணையில் அமர இயலவில்லையெனில், அவ்வொற்றுமைக்குப் பொருள் என்ன?

செய்யத்தக்கவை

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, சொற்களைத் தொகுத்தல். அமெரிக்க அறிஞர் ஊரூராகச் சென்று வீட்டுமுகப்பின் பெயரைக் கேட்டுப் படம் வரைந்தனர். நீங்களும் உங்கள் ஊரில் எழுபது, எண்பது அகவை கடந்த மூத்தோரிடமும், பழைய வீடு கட்டிய கொத்தனாரிடமும் தச்சரிடமும் செல்லுங்கள். வீட்டின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக்காட்டிப் பெயர் கேளுங்கள். ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதிவையுங்கள். அவர்கள் மறைந்தால் அச்சொற்களும் அவர்களோடு போய்விடும்.

இரண்டாவது, எழுதுமிடத்தில் எழுதுதல். வீடு கட்டுவோர் வரைபடத்தில் திண்ணை, முன்றில், முகப்பு, இடைகழி என்று எழுதச் சொல்லுங்கள். ஊர்தி நிற்கும் கூரைமுகப்பை ஊர்திமுகப்பு என்று எழுதலாம். பொறியாளர் முதலில் நகைப்பார். இரண்டாம் முறை கேட்பார். மூன்றாம் முறை அவரே எழுதுவார். புழங்கப் புழங்கத்தான் சொல் பழகும்.

மூன்றாவது, கட்டுமிடத்திற் கட்டுதல். இரண்டு அடி அகலமும் ஆறு அடி நீளமும் போதும். தெருவை நோக்கி, கம்பியடைப்பின்றி, வழிநடந்து களைத்தவர் எவராயினும் கேளாமலே அமரும்படி ஒரு மேடை கட்டுங்கள். தனிவீடு இல்லாதோர், அடுக்ககத்தில் வாழ்வோர், கீழ்த்தளத்து வாயிலருகே பொதுவாக ஒன்று அமையுங்கள். அதில் ஒரு முதியவர் அமரட்டும். அவரருகே ஒரு குழந்தை அமரட்டும். அவர் ஒரு கதை சொல்லட்டும். தமிழ் தானே வளரும்.

நாற்பதாண்டு ஆட்சியை இழந்த ஒல்லாந்தரின் சொல் மூன்றரை நூற்றாண்டாக அயல்நாட்டுப் படிக்கட்டில் அமர்ந்திருக்கின்றது. நெடுவாழ்வுடைய தமிழ்ச்சொல் தன் சொந்த வீட்டு வாயிலில் அமர இடமின்றி நிற்கலாமா? அதற்கு இடங்கொடுக்க வேண்டியவர் அரசினர் மட்டுமல்லர், ஒவ்வொரு வீட்டாருமே. வாயிலைத் திறந்துவையுங்கள். திண்ணையைக் கட்டுங்கள். திண்ணை என்று சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் ஒற்றுமை!